ஓஷன் லில்லியில் இரண்டு அறைகள்

மே 19, ஞாயிறு

கேரளத்துக் கோவளம் வந்து சேர்ந்தாயிற்று.

என் மகள் மது போனில் காட்டிய ஹோட்டல் இது இல்லை. அதாவது, ஹோட்டல் இதேதான். ஆனால் அந்தப் படத்தை எடுத்தபோது மதுவே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். ‘ஓஷன் லில்லி’ என்ற பெயர்ப் பலகையில் லில்லி மட்டும் எரிகிறது. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அதற்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுவரில் எங்கே கை வைத்தாலும் சுண்ணாம்பு உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டுகிறது. கடல் மட்டும் வாசல்படி வரைக்கும் இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. கவுண்டரில் நடந்ததை எழுதினால்தான் ஆத்திரம் அடங்கும்.

மேனேஜர் சசிதரன் இரண்டு பேர் ஆதார் கார்டையும் வாங்கிப் பார்த்தார். என் கார்டில் இன்னும் ‘சண்முகராஜின் மனைவி’ என்றுதான் இருக்கிறது. மாற்ற நேரமில்லை. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “மேடம் ஹஸ்பண்ட் பேரு சண்முகராஜ். சார் பேரு நெல்லையப்பன். அப்போ நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?” என்று கேட்டார்.

நான் பக்கத்தில் நின்ற இவர் முகத்தைப் பார்த்தேன். இவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. கர்ச்சீப்பை எடுத்தார், துடைத்தார், சொன்னார்: “எங்க அண்ணன் சம்சாரம். மயினி. அண்ணன் தவறிட்டாவ. மயினிக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்.”

மேனேஜர் எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைத்தார். சீசன் இல்லை, அறைகள் காலியாகத்தான் கிடக்கின்றன என்று சொல்லி, மது பதிவு செய்திருந்த ஒரு அறைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் திறந்துவிட்டார். ஆறாம் நம்பர் இவருக்கு. ஏழு எனக்கு.

நான் அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். ஒரு விசிலில் பள்ளிக்கூடம் முழுவதையும் வரிசையில் நிறுத்துகிற உடற்கல்வி டீச்சர் நான். வாய் வரவில்லை. பிறகு வந்தபோது வீம்பும் கூடவே வந்துவிட்டது. சொன்னவர் அவர், அவரே திருத்தட்டும்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டு இன்னும் ஒரு மாதம்கூட முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அவர் அம்பாசமுத்திரம் பஸ் ஏறிவிட்டார். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறவர், சித்திரை வைகாசியில் ஊர் ஊராகக் கோயில் கொடைத் திருவிழா. எனக்கு விருதுநகரில் கோடை விளையாட்டு முகாம். ஒரே கூரைக்குக் கீழே இருக்கப்போவது இந்த வாரம்தான் முதல் தடவை. கூரை ஒன்றுதான், நடுவில் சுவர்.

அவருக்கு இது முதல் கல்யாணம். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது தலை நரைத்திருந்தது. எனக்கு இரண்டாவது. சண்முகராஜ் போனபோது மது ஐந்தாம் வகுப்பு. அவள் வேலை கிடைத்துப் பெங்களூர் போனதும், “நீ தனியா இருந்து சுவரோட சண்டை போடாதம்மா” என்று அவளே தேடி, பேசி, முடித்து வைத்தாள். இந்த ஹோட்டலும் அவள் பரிசுதான்.

சனிக்கிழமை எனக்கு வெளிமாவட்ட மாறுதல் கலந்தாய்வு. அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளியில் என் பதவிக்கு இடம் காலி. அதை எடுத்தால் அவர் வீட்டுக்குப் போய் வாழ வேண்டும். எடுக்காவிட்டால் அவர் அங்கே, நான் விருதுநகரில், பேருக்குக் கல்யாணம். இந்த வாரம் ஆளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருந்தேன். இன்றைக்கே முடிவு செய்துவிடலாம் போலிருக்கிறது.

மே 20, திங்கள்

துவைத்த துணி காயவில்லை. கடற்கரையில் இவ்வளவு காற்று அடித்தும் துண்டு பிழிந்தபடியே இருக்கிறது. மெத்தையும் ஈரம், தலையணையும் ஈரம், கொண்டுவந்த முறுக்குகூட நமத்துவிட்டது.

அறையைப் பெருக்க வருகிற ரோஸ்லெட் குளச்சல்காரி. என் வயதுதான் இருக்கும். நான் தமிழ் என்று தெரிந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“எக்கா, ஒங்க கொழுந்தனாரு நல்ல மனுசன், கேட்டியளா. அண்ணன் செத்துப் போனா மயினியத் திரும்பிப் பாக்காத ஒலகத்துல, கடலு காட்டக் கூட்டிட்டு வந்திருக்காரே. எனக்கும் இருக்கானுவ ரெண்டு கொழுந்தன்மாரு. வெளங்காதவனுவ.”

“நல்ல மனுசன்தான்” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அவளுக்குத் தெரியவில்லை.

நல்ல மனுசன் காலையில் ஏழாம் நம்பர் வாசலில் நின்று, உள்ளே வராமல், “டீச்சர், காப்பி குடிச்சியளா?” என்று கேட்டார். குடித்தேன் என்றேன். குடிக்கவில்லை. தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார். அவருடைய வலது செருப்பின் வார் பிய்ந்து நூலால் தைத்திருக்கிறது, அவரே தைத்ததாகத்தான் இருக்கும், தையல் கோணல். பிறகு போய்விட்டார்.

கவுண்டரில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. பதினான்கு வருடமாக என்னை எல்லோரும் புருஷன் செத்தவள் என்றுதான் பார்த்தார்கள். வளைகாப்பு வீட்டில் நான் பின்வரிசை. புதுமனை புகுவிழாவில் எனக்குச் சமையற்கட்டுப் பக்கம் ஒரு நாற்காலி. கையெழுத்துப் போட்டதும் அது முடிந்தது என்று நினைத்தேன். இவர் ஒரு நொடியில் என்னைத் திரும்ப அங்கேயே உட்கார வைத்துவிட்டார். அதுதான் பொறுக்கவில்லை.

மே 21, செவ்வாய்

மழை. பேசவில்லை. ரோஸ்லெட் மூலமாக ஒரு குடை வந்தது, “கொழுந்தனாரு குடுத்துவிட்டாரு” என்றாள்.

மே 22, புதன்

மழை விட்டிருந்தது. விடிந்ததும் கடற்கரையில் ஓடப் போனேன். ஈர மணலில் ஓடுவது சுகமாகத்தான் இருக்கிறது. கலங்கரை விளக்கம் வரைக்கும் ஓடித் திரும்பினால், கழற்றிப் போட்டிருந்த என் செருப்பைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் நிற்கிறார். அலை இழுத்துக்கொண்டு போயிருக்குமாம்.

“எறங்கலயா?” என்று கேட்டேன்.

“எனக்குப் பயம் டீச்சர். தாமிரவருணியில குளிச்சு வளந்தவன். ஆத்துல தண்ணி ஒரு பக்கமாப் போகும். இது நம்மளப் பாத்துல்லா வருது.”

சிரிப்பு வந்துவிட்டது. வீம்பைக் கொஞ்ச நேரம் ஒத்திவைத்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முழங்கால் வரைக்கும் வந்தார். ஒவ்வொரு அலைக்கும் கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை. சவுண்ட் பாக்ஸ் தூக்கித் தூக்கிக் காய்ப்புக் காய்த்த கை.

அப்புறம் ஒரு படகு நிழலில் உட்கார்ந்து பேசினோம். அதாவது அவர் பேசினார். கொடைக்கு முந்தின நாளே போய் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, வில்லுப்பாட்டுக்காரர் வந்தால் மைக்கை எவ்வளவு உயரத்தில் வைப்பது, எல்லாம். எத்தனை கச்சேரிக்கு செட் போட்டிருப்பார், ஒன்றுக்குக்கூட முன்னால் உட்கார்ந்ததில்லையாம். மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிபயர் பக்கத்தில்தான் அவர் இடம். எல்லோரும் குடும்பத்தோடு வந்து பாய் விரித்து உட்காருவதை அங்கேயிருந்து பார்ப்பாராம். அதை வருத்தமாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்குப் பாவமாக எல்லாம் இல்லை. எழுதி வைக்கலாம் என்று தோன்றியது, எழுதினேன்.

மத்தியானம் கலாவதி டீச்சர் போன், அவளும் உடற்கல்விதான். “தமயந்தி, நீ முன்னுரிமைப் பட்டியல்ல மூணாவது இருக்க. அம்பாசமுத்திரத்தைக் கேட்டு முன்னாடி யாருமில்ல. கண்ண மூடிட்டு எடுத்துரலாம்.”

“இன்னும் முடிவு பண்ணலக்கா” என்றேன்.

“என்னத்தடி முடிவு பண்ணணும்? கல்யாணம் முடிஞ்சிருச்சுல்ல?” என்றாள்.

சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மே 23, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மாடியில் ஒரு திண்டுக்கல் குடும்பம் தங்கியிருக்கிறது. புது மருமகளைக் கூட்டிக்கொண்டு காலையில் ஆற்றுக்கால் பகவதி கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். வந்ததும் அந்த மாமியார் தட்டில் குங்குமம், கண்ணாடி வளையல், பூ, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு வராந்தாவில் இருந்த பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். ரோஸ்லெட்டுக்குக்கூட இரண்டு வளையல் கிடைத்தது. உடனே போட்டுக் குலுக்கிப் பார்த்தாள்.

என் முன்னால் வந்ததும் அந்த அம்மாவின் கை நின்றது, ரோஸ்லெட் சொல்லியிருப்பாள். நல்ல மனுஷிதான், முகத்தில் அத்தனை சங்கடம். குங்குமத்தைத் தாண்டி, பூவைத் தாண்டி, ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. உங்களுக்குப் பழம் தாரேன்.”

வாங்கிக்கொண்டேன். பழகின கை, தானாகவே நீண்டது.

அப்போதுதான் ஆறாம் நம்பர் கதவு திறந்தது. பனியனும் வேட்டியுமாக, தோளில் ஈரத் துண்டோடு அவர். எவ்வளவு நேரமாக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. நேராக வந்து தட்டுக்கு முன்னால் நின்றார். பிறகு அவர் பேசிய சத்தம் இருக்கிறதே, அந்த மனிதருக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

“அம்மா, அவ்வொளுக்குக் குங்குமம் குடுங்க. இவ்வொ எங்க மயினி இல்ல. எனக்கு அண்ணனே கெடையாது, நாந்தான் வீட்டுக்கு மூத்தவன். இவ்வொ என் பெண்சாதி. நான்தான் பொய் சொல்லிட்டேன்.”

வராந்தா அப்படியே நின்றது. நானும் நின்றேன். சந்தோஷப்படுவதா, பனியனோடு வந்து இப்படி நிற்கிறாரே என்று கூச்சப்படுவதா என்று தெரியவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

“மயினின்னு சொல்லி ரூம் எடுத்தீங்க. இப்போ பெண்சாதின்னு சொல்றீங்க. நேத்து பீச்சுல கையப் பிடிச்சு நடந்ததையும் கண்டேன், நான் ஒண்ணும் சொல்லல. சார், இது குடும்பங்கள் வர்ற ஹோட்டல். பாவம் செத்துப்போன அண்ணன்.”

“அண்ணனே கெடையாதுங்கேன்” என்றார் இவர்.

“அண்ணன் இல்லைன்னா யார் செத்தது?”

“அது இவ்வொளுக்க மொத வீட்டுக்காரர்.”

ஒவ்வொரு பதிலுக்கும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. திண்டுக்கல் அம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு அடி பின்வாங்கினார். ரோஸ்லெட் வளையலைக் கழற்றலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர், ஒன்று கல்யாணச் சான்றிதழைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் இரண்டு அறையையும் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். சான்றிதழ் விருதுநகரில் பீரோவுக்குள் இருக்கிறது.

மதுவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் சிரித்த சிரிப்பில் போனையே அணைத்துவிடலாமா என்று வந்தது. பிறகு படம் அனுப்பினாள். பதிவு அலுவலக வாசலில் மாலையும் கழுத்துமாக நாங்கள் இரண்டு பேரும், நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு அவளும்.

மேனேஜர் படத்தைப் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார்.

“மேடம் எதுக்கு இப்படி முறைச்சு நிக்கிறாங்க?”

“என் மூஞ்சியே அதுதான் சார்” என்றேன்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். “சரி, நம்பறேன். பொய்யா எடுத்த படம்னா மேடம் சிரிச்சிருப்பாங்க.”

முதலில் சிரித்தது ரோஸ்லெட். பிறகு எல்லோரும். திண்டுக்கல் அம்மா முன்னால் வந்து, தட்டை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, அவரே என் நெற்றியில் குங்குமம் வைத்தார். இரண்டு கைக்கும் வளையல் போட்டார். என் கை பெரிது, பந்து எறிந்து பழகின கை, வளையல் ஏற மறுத்தது. ரோஸ்லெட் சோப்பு கொண்டுவந்தாள். அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். அழுகையை மறைக்க ஒன்றும் செய்யவில்லை.

மத்தியானம் படகு நிழலில் வைத்துக் கேட்டேன். “அன்னைக்கு எதுக்கு அப்படிச் சொன்னீக?”

மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

“செட் போடப் போற எடத்துல எல்லாம், சம்சாரம் வரலியான்னு கேப்பாவ. எனக்குக் கெடையாதுன்னு சொல்லிச் சொல்லியே வாய் பழகிட்டு. இப்ப உண்டும்னு சொல்லணும்னா வாய் வரமாட்டேங்கு. இன்னொண்ணும் இருக்கு டீச்சர். ஒங்க கார்டுல அவ்வொ பேரு இருந்துச்சு. செத்த மனுசன். அந்தப் பேருக்கு மேல ஏறி நின்னு நாந்தான் புருசன்னு சொல்ல எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. தப்புத்தான். ஒங்களப் பத்தி நான் நெனைக்கல.”

நான் திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சண்முகராஜ் பெயருக்கு இத்தனை மரியாதை கொடுத்த ஆள் அவருடைய கூடப்பிறந்தவர்களில்கூட இல்லை. மெதுவாகத் தோளில் சாய்ந்துகொண்டேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும், இப்போதுதான் படம் காட்டியாயிற்றே.

மே 24, வெள்ளி

ஆறாம் நம்பரை நேற்றே காலி செய்துவிட்டோம். ஏழாம் நம்பரில் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும் என்று எழுத மறந்திருந்தேன். நேற்று அது தொந்தரவாகத் தெரியவில்லை.

பகலில் கிளம்பினோம். மேனேஜர் அடுத்த வருடமும் வரச் சொன்னார், நீச்சல் குளத்தில் தண்ணீர் விட்டிருப்பாராம். இவர் அம்பாசமுத்திரம் போகத் திருநெல்வேலியில் இறங்கிக்கொண்டார். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலோடு கூடவே நடந்து வந்தார். நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மே 25, சனி

கலந்தாய்வு. மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாத கூடத்தில் மாவட்டத்தின் உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோரும். கலாவதி டீச்சர் என் பக்கத்தில்.

மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கணினியைப் பார்த்தே படித்தார்: “தமயந்தி. விதவை முன்னுரிமை. அம்பாசமுத்திரம் காலியா இருக்கு. எடுத்துக்கிறீங்களா?”

எந்தப் பட்டியலில் மூன்றாவது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மார்ச்சில் விண்ணப்பித்தபோது கல்யாணம் ஆகவில்லை. கல்யாணம் ஆனதும் தெரிவித்திருக்க வேண்டும். முகாம் மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வீட்டுக்காரர் ஊருக்கே போய்விடலாம். பள்ளி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம் என்று சொல்லியிருந்தார். ஆனால் அவரோடு வாழப் போவதற்காக, அவர் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். கவுண்டரில் நின்று வேர்த்துக்கொட்டின அந்த முகம் கண்முன்னால் வந்தது. எனக்கும் வேர்த்தது. எவ்வளவு சுலபமாக வந்துவிடும் அந்தப் பொய் என்று இப்போது புரிந்தது. கூடவே எழுந்து வந்திருந்த கலாவதி டீச்சர் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தாள்.

“சார், நான் விதவை இல்ல. ஏப்ரல்ல எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு.”

மைதானக் குரல், அடக்கிப் பேசத் தெரியாது. கூடம் முழுவதும் கேட்டிருக்கும்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “மேடம், பொதுப் பட்டியலுக்குப் போனா உங்க முறை கடைசியாத்தான் வரும். அந்த இடம் இருக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

“யோசிச்சிட்டேன் சார். வீட்டுக்காரர் பேரு நெல்லையப்பன். எழுதிக்கோங்க.”

போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். கலாவதி டீச்சர், “ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு, அவள் டிபன் பாக்ஸில் பாதியை எனக்குக் கொடுத்தாள். மத்தியானத்துக்கு முன்பே அம்பாசமுத்திரத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு வந்தவள், எடுத்துக்கொண்டாள். என் முறை வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்தது கடையத்தில் ஒரு பள்ளி. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். கையெழுத்துப் போட்டு ஆணையை வாங்கினேன்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து அவருக்குப் போன் செய்தேன். ஏதோ ஊரில் கொடை. ஒரே மேளச் சத்தம்.

“டீச்சரா? ஒண்ணுமே கேக்கல. சத்தமாச் சொல்லுங்க.”

“கடையம் கெடச்சிருக்கு. அம்பாசமுத்திரம் போயிருச்சு.”

“என்னது போயிருச்சு?”

“நான் வாரேன்னு சொன்னேன். உங்க வீட்டுக்கு வாரேன்.”

அவர் மேளத்தை விட்டுத் தள்ளி நடந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. பிறகு அவர், “டீச்சர், இப்பக் கேட்டுச்சு. ஆனா இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார்.

மரத்தடியில் நின்ற ஆசிரியர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை சொன்னேன், முதலில் சொன்னதைவிடச் சத்தமாக.